தள்ளிவிட்டால் சார்ஜ் நிற்குமா?

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் கிளம்பக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து இருக்கைகளைக் கவனித்தால் போதும். வாட்ஸ்அப் பார்த்து முடித்தவர் திரையைக் கீழிருந்து மேலே இழுக்கிறார். அதுவரை திறந்த செயலிகள் எல்லாம் அட்டை அட்டையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிடுகிறார். பொறுமையில்லாதவர் ‘கிளியர் ஆல்’ பொத்தானை அழுத்திவிடுகிறார். அதற்குப் பிறகுதான் போன் சட்டைப்பைக்குள் போகிறது. கல்லூரி மாணவர், கீரை விற்றுவிட்டு ஊர் திரும்பும் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று இதில் வேறுபாடே இல்லை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் ‘சார்ஜ் நிக்க மாட்டேங்குது’ என்று போனை நீட்டினாலும் முதலில் கிடைப்பது இதே வைத்தியம்தான்: “இம்புட்டு ஆப்பும் பேக்ரவுண்டுல ஓடிக்கிட்டிருந்தா சார்ஜ் எப்படிக்கா நிக்கும்?”

இந்த வைத்தியம் பலிக்கிறதா? பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போன் நிறுவனங்கள் என்று பலரும் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களைச் சேர்த்து வைத்து, மதுரை வெயிலுக்கும் மலையடிவார ஊர்களின் சிக்னலுக்கும் அவை எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் தள்ளிவிடும் பழக்கத்தால் சார்ஜ் மிஞ்சுவதில்லை. பலருக்கு அது பிழைப்பிலேயே கை வைக்கிறது.

பழக்கம் வந்த வழி புரிந்துகொள்ளக் கூடியதுதான். ப்ரவுசிங் சென்டர் காலத்தில் கணினியில் ஏழெட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தால் எல்லாமே திணறும். மூடினால் வேகம் வரும். சிம்பியன் மென்பொருளில் ஓடிய நோக்கியா போன்களில் மெனு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியல் வரும். அங்கேயும் மூடுவது தேவையான வேலைதான். இப்படிப் பழகிய கைகளுக்கு ஆண்ட்ராய்டு போன் வந்தது. 2014 செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் நிறுவனங்கள் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தில் வெளியிட்ட ஆறாயிரத்துச் சொச்ச ரூபாய் போன்களில் ரேம் வெறும் 1 ஜிபி. 2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்டிலும் 2 ஜிபிதான். அப்படிப்பட்ட போனில் எதையாவது குறைத்தால் இலகுவாகும் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆண்ட்ராய்டு தொடக்கத்திலிருந்தே வேறு கணக்கில் கட்டப்பட்டது. 2010 ஏப்ரலில் கூகுள் பொறியாளர் டயான் ஹாக்போர்ன் அதை விரிவாக விளக்கி எழுதினார். ஒரு செயலியை விட்டு வெளியே வந்ததும் அது ‘மூடப்படுவதில்லை’; ரேமில் அப்படியே வைக்கப்படுகிறது, பெரும்பாலும் எந்த வேலையும் செய்யாமல். மீண்டும் திறந்தால் விட்ட இடத்திலிருந்து சட்டென வந்து நிற்கும். இடம் தேவைப்பட்டால் யாரும் கேட்காமலேயே இயங்குதளத்தின் கருவான லினக்ஸ், குறைந்த முக்கியத்துவம் உள்ளவற்றை முதலில் கொன்று இடம் எடுத்துக்கொள்ளும். நாம் கட்டைவிரலால் செய்யும் வேலையை போன் தானாகவே, நம்மைவிட நிதானமாகச் செய்கிறது. அதே ஏப்ரலில் ஐபோனுக்கான புதிய மென்பொருளை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸும், பயனரே செயலிகளை மூட வேண்டியிருந்தால் அந்த வடிவமைப்பே தவறு என்ற பொருளில் பேசினார்.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரேம் நிரம்பியிருப்பதால் பேட்டரி கூடுதலாகக் கரைவதில்லை. ரேம் சில்லு நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஏறத்தாழ அதே மின்சாரத்தைத்தான் எடுக்கும். தள்ளிவிட்ட செயலியை மறுபடி திறக்கும்போதோ, சேமிப்பகத்திலிருந்து எல்லாவற்றையும் படித்து, படங்களை ஏற்றி, இணையத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குப் பொறியாளர்கள் ‘கோல்டு ஸ்டார்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பைத் தள்ளிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பவர், சார்ஜை மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் பின்னணிச் செயலிகள் சார்ஜைத் தின்பது பொய்யா? பொய் இல்லை, இந்த இடத்தில் நியாயமாகப் பேச வேண்டும். 2012-ல் அபினவ் பதக்கும் உடன் ஆய்வாளர்களும் சில இலவசச் செயலிகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, அவை எடுக்கும் மின்சாரத்தில் 65 முதல் 75 விழுக்காடு வரை விளம்பரப் பகுதிகளுக்கே போவதைக் கண்டார்கள். 2015-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் சார்ந்த குழு 61 நாடுகளில் கேலக்ஸி எஸ்3, எஸ்4 போன்களின் அன்றாடப் பயன்பாட்டை அளந்தது. திரை அணைந்திருக்கும் நேரத்தில் செயலிகள் மட்டும் மொத்த சார்ஜில் 28.9 விழுக்காட்டைக் கரைத்திருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம், தன் ஐபோன் செயலியில் இருந்த பிழைகள் பேட்டரியை வீணடித்ததை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. ஆக, அந்தக் காலத்தில் மக்கள் பட்ட கவலைக்கு ஆதாரம் இருந்தது.

நிலைமை மாறத் தொடங்கியதும் அந்த 2015-ல்தான். ஆண்ட்ராய்டு 6-ல் ‘டோஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. போன் மேசைமேல் அசையாமல், திரை அணைந்து கிடந்தால், எல்லாச் செயலிகளையும் தூங்க வைத்து, இடையிடையே சிறிது நேரம் மட்டும் எழுந்து வேலை முடிக்க விடும். அடுத்த ஆண்டு அது சட்டைப்பையில் நடமாடும் போனுக்கும் விரிந்தது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 பின்னணியில் சேவைகள் ஓடுவதற்குக் கடிவாளம் போட்டது. 2018-ல் ஆண்ட்ராய்டு 9, நாம் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று பார்த்து வகை பிரித்தது. மாதம் ஒருமுறை தொடும் செயலிக்குப் பின்னணியில் ஓட மிகக் குறைந்த வாய்ப்பே கிடைக்கும். நோய்க்கு மருந்து போனின் மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. நம் கைப்பழக்கம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

2016 மார்ச்சில் ஒரு வாடிக்கையாளர் ஆப்பிள் நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பதில் அனுப்பினார். நீங்கள் செயலிகளை அடிக்கடி மூடுகிறீர்களா, அது பேட்டரிக்குத் தேவையா என்ற இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்பதே பதில். அந்த வாரமே ஆண்ட்ராய்டு பிரிவுக்குத் தலைமை வகித்த ஹிரோஷி லாக்ஹைமரும், மூடுவது பேட்டரியைச் சற்றே மோசமாக்கக்கூடும் என்றார். எதிரெதிர் நிறுவனங்கள் இரண்டும் ஒரே பதிலைச் சொன்ன அரிய தருணம் அது. மேலமாசி வீதி வரை அந்தச் செய்தி வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

வந்து சேர்ந்தது வேறொன்று: ‘கிளீனர்’ செயலிகள். கிளீன் மாஸ்டர், டியூ பேட்டரி சேவர், டியூ கிளீனர் என்று ஒரு காலத்தில் நம் ஊர் போன்களில் இவை இல்லாத போனைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் ராக்கெட் பறக்கும், இத்தனை எம்பி விடுவிக்கப்பட்டது என்று எண் வரும். விடுவிக்கப்பட்ட இடத்தை அடுத்த சில நிமிடங்களில் அதே செயலிகள் மறுபடி நிரப்பிவிடும் என்பது திரையில் வராது. இடையில் வருவது விளம்பரம். 2020 பிப்ரவரியில் கூகுள், விளம்பர விதிமீறலுக்காகச் சுமார் 600 செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியபோது கிளீன் மாஸ்டரைத் தயாரித்த சீட்டா மொபைல் நிறுவனத்தின் செயலிகளும் போயின. அதே ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளின் பட்டியலை டிக்டாக்கை வைத்துத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நான் மேலே சொன்ன மூன்றும் அதில் இருந்தன. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 கதவையே சாத்திவிட்டது. இனி ஒரு செயலி தன்னுடைய பின்னணி வேலையை மட்டுமே நிறுத்த முடியும், அடுத்த செயலியைத் தொட முடியாது. இன்றைய போனில் ‘ரேம் பூஸ்டர்’ என்று ஒன்றை நிறுவுவது, விளம்பரத்துக்கு வாசல் திறப்பதைத் தவிர வேறு பயன் தராது.

இதுவரை சொன்னது உலகத்துக்கெல்லாம் பொது. நம்மைக் கடிக்கும் பிரச்சினை இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கூகுள் வகுத்த ஏற்பாடு போதாதென்று, போன் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் பங்குக்கு ஒரு கட்டுப்பாட்டைச் சேர்க்கிறார்கள். பேட்டரி நீண்டநேரம் நிற்கிறது என்று விளம்பரம் செய்ய வேண்டுமே. தானாகத் தொடங்கும் அனுமதியை மறுப்பது, சில நாள் திறக்காத செயலியை ‘ஆழ்ந்த தூக்கத்துக்கு’ அனுப்புவது என்று ஆளுக்கொரு முறை. எந்த நிறுவனம் எப்படிக் கொல்கிறது என்று பட்டியல் போடுவதற்கென்றே ‘டோன்ட் கில் மை ஆப்’ என்ற தளத்தைச் செயலி உருவாக்குநர்கள் நடத்துகிறார்கள். இத்தகைய போன்கள் சிலவற்றில், அட்டையை மேலே தள்ளுவதும் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ அழுத்துவதும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் சேதம் தொடங்குகிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். சாதாரணமாக உங்களுக்கு வாட்ஸ்அப் செய்தி வர வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு இணைப்பை கூகுளின் சேவை திறந்து வைத்திருக்கிறது. செய்தி வந்ததும் அதுதான் உரிய செயலியை எழுப்புகிறது. ஆனால் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்யப்பட்ட செயலியை அது எழுப்பாது. நீங்களே போய்த் திறக்கும்வரை செய்தி, அலாரம், நினைவூட்டல் எதுவும் கிடையாது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருவோம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு விலை விடிகாலையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம். தோட்டத்தில் பறித்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கும் கமிஷன் மண்டிக்காரருக்கும் இடையே விலை போவது இப்போது வாட்ஸ்அப் குரல் செய்தியாகத்தான். இரவு படுக்கும்முன் ‘கிளியர் ஆல்’ போட்டுவிட்டுத் தூங்கியவருடைய போன் அப்படிக் கொல்லும் ரகமாக இருந்தால், நாலு மணிக்கு வந்த விலை அவர் ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பைத் திறக்கும்போதுதான் வரிசையாகக் கொட்டும். ‘நெட்டு சரியில்ல’ என்று அவர் சிம் கம்பெனியைத் திட்டுவார். காரணம் அவர் கட்டைவிரலில் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

உணவு விநியோகம் செய்யும் தம்பிகள் இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் போனின் மேல்பட்டையில் ‘நீங்கள் ஆன்லைனில் இருக்கிறீர்கள்’ என்று ஓர் அறிவிப்பு அகலாமல் நிற்கும். செயலி உயிரோடு இருப்பதற்கான சான்று அது. செயலியைத் தள்ளிவிட்டால் இருப்பிடம் போகாது, ஆர்டர் வராது. பெட்டிக்கடைக்காரர்களோ பணம் வந்த சத்தம் கேட்காமல் பலமுறை சிரமப்பட்டு, 2019 முதல் பரவிய சவுண்ட் பாக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பெட்டியில் தனி சிம் இருக்கிறது, ஒரே வேலை இருக்கிறது, அதை யாரும் தள்ளிவிட முடியாது. அது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 2 அன்று வெளியான ஆரோக்கிய சேது, பக்கத்தில் வரும் போன்களை புளூடூத் வழியாகப் பின்னணியில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டிய செயலி. மதுரை மாநகராட்சிப் பகுதி அந்த ஜூன் 24 முதல் முழு ஊரடங்குக்குப் போன நாட்களில் அதை நிறுவச் சொன்னார்கள். தள்ளிவிடாதீர்கள் என்று போதுமான அளவு சொல்லவில்லை. பின்னணியில் கொல்லும் போனில் அது வெறும் ஐகானாக மட்டுமே இருந்திருக்கும். சிங்கப்பூரின் இதே வகைச் செயலிக்கும் ஐபோனில் இதே தொல்லை இருந்தது. திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது.

நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண்களின் சங்கடம் இன்னும் நுட்பமானது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் நாளுக்கு இருமுறை படம் எடுத்து வருகைப்பதிவுச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. பெரும்பாலும் அவரவர் சொந்த போன்தான். கண்மாய்க்கரையில் சிக்னல் இல்லாத நேரத்தில் எடுத்தது போனுக்குள்ளேயே காத்திருக்கும். அந்தச் சமயத்தில் செயலி ஹேங் ஆகி, உதவ வந்தவர் ‘கிளியர் டேட்டா’ கொடுத்துவிட்டால், அனுப்பப்படாமல் உள்ளே இருந்தது எதுவானாலும் அழிந்துவிடும். ‘கிளியர் கேஷ்’ என்றால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும். ‘கிளியர் டேட்டா’ என்றால் எல்லாமே போகும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒருவரின் ஒருநாள் கூலி இந்த இரண்டு பட்டன்களுக்கு நடுவில் நிற்கும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

சரி, சார்ஜ் உண்மையிலேயே எங்கே போகிறது? 2010-ல் ஆரன் கரோலும் கெர்னாட் ஹைசரும் ஒரு போனின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக அளந்து பார்த்தபோது திரையும் செல்போன் ரேடியோவும்தான் முன்னணியில் நின்றன. ரேம் கடைசி வரிசை. போன்கள் எவ்வளவோ மாறியும் அந்த வரிசையின் தலைப்பகுதி பெரிதாக மாறவில்லை.

மதுரையில் இந்த இரண்டோடு வெயிலும் சேர்கிறது. ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அதற்குமேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்கிறது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. பைக் ஹேண்டிலில் மாட்டிய போன் நேர் வெயிலில், வெளிச்சம் முழுவதும் ஏற்றி, மேப் ஓடி, பவர் பேங்கில் சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் அது தாங்காது. சூடு தாங்காமல் போன் தானே வேகத்தைக் குறைக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். ஒரு வருஷத்து போன் மூன்று வருஷத்து போன் மாதிரி நடந்துகொள்வது இப்படித்தான். அங்கே எந்தச் செயலியைத் தள்ளிவிட்டும் புண்ணியமில்லை. ஒரு துணியைப் போட்டு நிழல் கொடுப்பதும், சார்ஜ் ஏறும்போது மேப்பைக் குரலில் மட்டும் கேட்பதும் அதைவிட உதவும்.

சிக்னலும் அப்படியே. எழுமலை, சாப்டூர் பக்கம் மலையை ஒட்டிப் போகப் போக, கோபுரத்தைப் பிடிக்க போன் கூடுதல் சக்தியோடு கத்த வேண்டியிருக்கும். நகருக்குள்ளும் 2023 ஜனவரியில் 5ஜி வந்த பிறகு, அது அரைகுறையாகக் கிடைக்கும் இடங்களில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் இடையே அலைந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர் 4ஜியில் நிறுத்திவைத்தால் பலன் தெரியும்.

சார்ஜை விடுங்கள், போன் ஹேங் ஆவதற்கும் பெரும்பாலும் காரணம் அட்டைகள் அல்ல, நிரம்பிவழியும் சேமிப்பகம். காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும்தான். இந்தியர்களின் காலை வணக்கப் படங்களால் போன்கள் நிரம்புவது 2018-ல் அமெரிக்கப் பத்திரிகைச் செய்தியாகவே வந்தது. அவற்றைத் தேடி அழிக்க கூகுள் தன் செயலி ஒன்றில் வசதியே வைத்திருந்தது. இன்னொன்று, கடையில் ‘8+8, பதினாறு ஜிபி ரேம்’ என்று சொல்லி விற்கிறார்களே, அந்தப் பின்பாதி எட்டு ரேம் அல்ல. சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம், வேகம் மிகக் குறைவு. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

மூடவே கூடாதா என்றால், மூட வேண்டிய நேரங்கள் உண்டு. உறைந்து நிற்கும் செயலியை மூடித்தான் ஆக வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் வழிகாட்டிக்கொண்டே இருக்கும் மேப், வேலை முடிந்தும் அணைக்காத ஹாட்ஸ்பாட் இரண்டையும் நிறுத்துங்கள். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று விழுக்காட்டோடு இருக்கும். நீங்கள் திறக்கவே இல்லாத செயலி அங்கே மேல்வரிசையில் இருந்தால் அதுதான் குற்றவாளி. அதை மட்டும் ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள், தேவையில்லையென்றால் நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் மேலிருந்து கீழே இழுக்கும் பலகையின் அடியிலேயே ‘இப்போது ஓடிக்கொண்டிருப்பவை’ என்று நிஜமாகவே ஓடுபவற்றை மட்டும் காட்டி, பக்கத்தில் நிறுத்தும் பட்டனும் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அட்டை வரிசையில் இருப்பதெல்லாம் ஓடவில்லை என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை நிறுவிவிட்டால் மட்டும் தள்ளிவிடுவது எந்தப் பாதுகாப்பும் தராது. இணையத்தைத் துண்டித்து, அதை நீக்கி, பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

போன் தயாரிக்கும் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் போன் எந்தச் செயலியை எப்போது கொல்கிறது என்பதைத் தமிழில், திரையில், கொன்ற உடனே சொல்லுங்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: அடுத்தமுறை ஒரு அக்கா வந்து நின்றால் அட்டைகளைத் தள்ளிவிடாமல் பேட்டரி பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், அவரே கற்றுக்கொள்வார். வீட்டில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை நினைவூட்டும் செயலி வைத்திருக்கும் அப்பா அம்மா இருந்தால், அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றி, தானாகத் தொடங்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டு, அதை மட்டும் தள்ளிவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.